ஆடிப்பெருக்குக்கு முன் ஒரு ஆர்டர்

பெங்களூர் கம்பெனி ஜெபினை வீட்டுக்கு அனுப்பிப் பதினோரு மாதம் ஆகிறது. வேலை போனவன் என்று சிவகாசியில் தெரிந்தால் போதும், பால் வாங்கப் போகிற இடத்தில்கூட ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அப்பா தேவாசீர்வாதம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடமாகக் காலண்டர் மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடித்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆனி பிறந்ததும்தான் பேசினார்.

"ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வந்துரும். இந்த வருசம் என்னால அலைய முடியாது. அதுக்குள்ள ஒனக்கு ஒண்ணும் அமையலைன்னா நீதாம்லே பையைத் தூக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கடை கடையாக ஏறிப் பல்லைக் காட்டிச் சிரிக்க ஜெபினுக்கு வராது. புரோகிராம் எழுத வரும், அதை அடுத்தவனுக்குப் புரிகிற மாதிரி விளக்கவும் வரும். அப்படி விளக்கி எழுதும் கட்டுரைக்குப் பணம் தருகிற வெளிநாட்டு இணையதளங்கள் இருக்கின்றன என்று பழைய நண்பன் ஒருவன் சொன்னதிலிருந்து, அவற்றைத் தேடுவதே பிழைப்பாகிவிட்டது. பாதித் தளங்கள் மூடிக் கிடந்தன. மீதியில் பாதி, இப்போது ஆள் தேவையில்லை என்றன. பதிலே போடாதவர்கள்தான் யோக்கியர்கள் என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

மாசியில் ஒரு தளத்திடம் வாய்ப்புக் கேட்டபோது, சிவகாசிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்திருந்தான். எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று நாலு வரி கேட்டார்கள். இவன் முழுக் கட்டுரையையும் அனுப்பிவைத்தான். இந்த ஊரில் ஆர்டர் வேண்டுமென்றால் ஆல்பத்தையே விரித்து வைக்க வேண்டும். படத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் கடைக்காரர் வாய் திறப்பார். அதற்காக எவரும் படத்தைக் கிழித்துக்கொண்டு ஓடியதில்லை. அந்தத் தளத்துக்காரர்கள் ஓடிவிட்டார்கள். சித்திரையில் அதே கட்டுரை, வரி மாறாமல், வேறொருவன் பெயரில் வெளியாகியிருந்தது. ஜெபின் அன்று சாப்பிடவில்லை. காய்ச்சலோ என்று அம்மா இன்பம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திருட்டுப் போனதை அவன் வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? கட்டுரையில் உதாரணமாக வரும் வாடிக்கையாளர் பட்டியலில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தான், அவரும் அதைத் தெரிந்த கடைக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்திருந்தார்.

ஆடி பிறந்து இரண்டு வாரம் ஆனபோது இன்னொரு தளத்தின் ஆசிரியை பதில் போட்டாள். நீங்கள் சொன்ன பொருள் பிடித்திருக்கிறது, ஏற்கெனவே வெளியான கட்டுரை ஒன்றைக் காட்டுங்கள் என்றாள். வெளியானது ஒன்றே ஒன்று, அதுவும் களவு போனது. அரை நாள் யோசித்தான். பிறகு வெட்கத்தை விட்டு அதையே அனுப்பினான்.

'எழுதியவன் நான். எடுத்தவன் உதாரணத்தைக்கூட மாற்றவில்லை. அதில் வரும் முதல் வாடிக்கையாளர் தேவாசீர்வாதம், என் அப்பா. என் பெயருக்குப் பின்னால் அந்தப் பெயர் இருக்கிறது, பாருங்கள். அடுத்தது என் அம்மா. பட்டியலில் உள்ள ஆனைக்குட்டம், வெம்பக்கோட்டை, மல்லாங்கிணறு மூன்றும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற ஊர்கள்.'

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் காலையில் பதில் வந்தது. நம்பிவிட்டாள். மாதம் இரண்டு கட்டுரை, ஆறு மாதத்துக்கு உறுதி. கடைசியில் ஒரு வரி: உதாரணத்தில் இந்த மாதிரிப் பெயர்கள் வேண்டாம், எங்கள் வாசகர்களுக்கு வாயில் நுழையாது.

ஜெபினுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. எழுதி வைத்திருந்த புதுக் கட்டுரையைத் திறந்து, ஒவ்வொரு தேவாசீர்வாதமாக அழித்து, ஜான் என்று அடிக்க ஆரம்பித்தான். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"ஆர்டர் கெடைச்சிருச்சாலே?"

"கெடைச்சிருச்சுப்பா. இனிமே நம்ம வீட்டுல யாரும் பையைத் தூக்க வேண்டாம்."

அவர் தைலக் கையை வேட்டியில் துடைத்தார்.

"இதுலயும் எம் பேரு இருக்குல்ல?"

ஜெபின் லேப்டாப்பைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

"இருக்குப்பா" என்றான்.