கைனேஸ் கங்காணி அல்ல

முதல் வாய்மொழிப் பரீட்சையில் நான் கோட்டை விட்டதற்குக் காரணம், காலையில் கங்காணி ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டு. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நல்லதண்ணிப் பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். உயிர்க்கலம் இரண்டாகப் பிரியுமுன், மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள், இழைகள் பிடித்திழுக்க நடுவில் ஒரே வரிசையாக வந்து நிற்க வேண்டும். அதில் கைனேஸ் என்ற நொதியத்துக்கு என்ன வேலை என்று விரிவுரையாளர் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்கவே மாட்டார்.

"பெரட்டுல கங்காணி ஆளுங்கள நிறுத்துற மாதிரி, தள்ளி வரிசையில நிறுத்தும், சேர்."

"பிழை. அது ஒண்டையும் தள்ளாது. பிழையான பிடியைக் கழட்டிவிடும். பிழை எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

அடுத்த கிழமை திரும்ப வரச் சொன்னார். அதிலும் தவறினால் சிறப்புப் பட்டத்தில் எனக்கு இடமில்லை. என் மேலேயே ஆத்திரம் வந்தது. விடுவதாக இல்லை.

சனிக்கிழமை லயத்துக்கு வந்தும் பாடத்தையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். பனி இறங்குமுன் அம்மாவின் சேலையை மடிக்கத் தங்கை கூப்பிட்டாள். போய்ப் பிடித்தேன். சேலை சேற்றில் விழுந்தது.

"அக்கா, நீயும் முந்தானையவே புடிச்சிருக்க! ரெண்டு பேரும் ஒரே பக்கம் புடிச்சா எப்புடி இழுபடும்? விடு. அந்த முனைக்குப் போ!"

விட்டேன். மறு முனையைப் பிடித்தேன். இருவரும் இழுத்ததும் சேலை விறைப்பாக நின்றது. நானும் அப்படியே நின்றேன். "பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றாள் தங்கை.

மறு கிழமை உட்காரச் சொல்லுமுன்பே பேசத் தொடங்கிவிட்டேன்.

"ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரட்டை, சேர். எதிரெதிர்த் துருவத்து இழைங்க ஆளுக்கொரு பாதியப் பிடிக்கணும். ரெண்டு பாதியையும் ஒரே துருவம் பிடிச்சா இழுவை இருக்காது, தொய்ஞ்சு கெடக்கும். அந்தப் பிடியில கைனேஸ் பொஸ்பேற்றை ஒட்டும். பிடி தளர்ந்து கழண்டிரும். சரியாப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுத்தா, பிடி கைனேசுக்கு எட்டாத தூரம் போயிரும். அது வரைக்கும் திரும்பத் திரும்பக் கழட்டும்."

"அப்ப கங்காணி?"

"அவரு வீட்டுக்குப் போயிட்டாரு, சேர்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே, நான் தேறியதற்குத் தாளில் 'சித்தி' என்று எழுதினார். "இதைப் போன கிழமையே சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"போன கிழமை என் பிடி பிழை, சேர். நீங்கதான கழட்டிவிட்டீங்க."