வலப்பக்கம் போன பந்து

அப்பா பெங்களூரை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டபோது அவரிடம் ஒரு துணிப்பையும், ஒரு கோல்ஃப் மட்டையும், பெயிண்ட் வாளி நிறையப் பழைய வெள்ளைப் பந்துகளும் இருந்தன. இத்தனை வருடச் சம்பாத்தியம் இவ்வளவுதான் என்றாள் அம்மா. அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பகலெல்லாம் கூலிக்குக் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துவிட்டு வருகிறவள் கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

கள்ளக்குறிச்சியின் ஓரத்தில், ஏரியை ஒட்டி எங்கள் வீடு. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அப்பா பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் போனவர் முதலில் பெரிய மனிதர்களின் மட்டைப் பையைச் சுமந்திருக்கிறார். பிறகு, புதிதாக விளையாட வருகிறவர்களுக்கு எப்படி நிற்பது, எப்படி வீசுவது என்று சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "அசதியா இருக்குதுங்க, போதும்னு வந்துட்டேன்" என்பார். என்னைப் பிரிந்திருக்க முடியாமல்தான் வந்தார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

வந்து கொஞ்ச காலம் சும்மா இருந்தார். ஒரு நாள் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் போன் செய்தார். மலைமேல், கரியாலூர்ப் பக்கம் புதிதாக ஒரு விடுதி கட்டியிருக்கிறார்களாம். தங்க வருகிறவர்கள் பொழுதுபோக்காகக் கோல்ஃப் அடித்துப் பழக ஒரு மைதானம் போட்டிருக்கிறார்களாம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம்.

"ஒரு ஞாயித்துக்கெழம வந்து அடிச்சுக் காட்டச் சொல்றாங்க" என்றார் அப்பா.

"தங்கறதுக்கு எடம் குடுப்பாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"குடுப்பாங்களாம். மூணு பேருக்கும்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோகை அறுத்த கீறல்களில் சாம்பல் ஒட்டியிருந்த தன் உள்ளங்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து மீதிப் பாத்திரங்களைத் தேய்த்தாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் அப்பா ஏரிக்குள் இறங்கினார். அந்த வருடம் ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் அடிப்பார், நான் பந்து பொறுக்குவேன். முதல் நாளே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பந்து கிளம்பும்போது நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் ஏதோ நினைத்துக்கொண்டதைப் போல வலப்பக்கம் வளைந்து போய்க் கருவேல முள்ளுக்குள் விழும்.

"இதுக்குப் பேரு ஸ்லைஸு" என்றார் அப்பா. பேக்கரியில் ரொட்டியை அறுத்து வைப்பார்களே, அதற்குத்தான் அந்தப் பெயர் என்று அதுவரை நினைத்திருந்தேன். "புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இப்டித்தான் போவும். நான் எத்தினி பேருக்கு சரி பண்ணிருக்கேன் தெரியுமா?"

எனக்கும் நம்பிக்கை வந்தது. ஊருக்கெல்லாம் பார்க்கிற வைத்தியர் தனக்கும் பார்த்துக்கொள்ள மாட்டாரா? பிடியிலிருந்து ஆரம்பித்தார். இடது கையைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். ஒரு பந்து நேராகப் போனது; அடுத்தது முள்ளுக்குள் போனது. வலது அக்குளில் துண்டைச் செருகிக்கொண்டு, அது கீழே விழாதபடி வீசிப் பார்த்தார். துண்டு விழவில்லை. பந்து முள்ளுக்குள் போனது. பந்துக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல்லை வைத்து, மட்டை அதில் படாமல் உள்ளேயிருந்து வர வேண்டும் என்றார். செங்கல்லில் மட்டை படவே இல்லை. நான் மறுபடியும் முள்ளுக்குள் குனிந்தேன்.

ஆடு மேய்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா கரையில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி, உங்கப்பா பாம்பு அடிச்சிக்கினு இருக்காரா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அப்பா காதில் வாங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு இடது கையை உதறினார். கை மரத்துப்போனவர்கள் உதறுவார்களே, அப்படி.

அந்த வாரக் கடைசியில் என் கை, கால் எல்லாம் முள் கீறல். எனக்கே அலுத்துப்போய்விட்டது. தூரத்தில், இடப்பக்கம் தனியாக ஒரு பனைமரம் நின்றது. "ப்பா, எப்டியும் வளைஞ்சுதான போவுது? அந்தப் பனமரத்தப் பாத்து நின்னு அடி. வளைஞ்சு வந்து நடுவுல வுழுந்துடும்" என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் என்னை அடித்ததே இல்லை. அன்றைக்கு அடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அது சரி பண்றது இல்ல. ஏமாத்தறது" என்றார்.

வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அம்மா, கரைமேலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்குப் போதும் வாய்யா" என்று கூப்பிட்டாள். "இன்னும் ஒண்ணு" என்றார் அப்பா. அவர் ஒன்று என்று சொன்னால் வாளி காலியாகும் வரைக்கும் என்று அர்த்தம். அம்மா தலையிலிருந்த விறகுக் கட்டை இறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது அம்மா புதுப் புடவை கசங்காமல் பஸ் சீட்டின் நுனியில் உட்கார்ந்து வந்தாள். விடுதி மேனேஜர் சின்ன வயசுக்காரர், மெட்ராஸ்காரர், மரியாதையானவர். எங்களுக்கு டீ கொடுக்கச் சொல்லிவிட்டு அப்பாவை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். புல் பச்சைப் பசேலென்று இருந்தது. எல்லையில் கடுக்காய் மரங்கள். வேலையாட்களுக்கான வீடு ஒன்று கதவு திறந்து கிடந்தது. அம்மா அதற்குள் எட்டிப் பார்த்து, குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள்.

அப்பா மட்டையை எடுத்து நின்றார். மைதானத்தின் நடுவில் குறியாக நட்டிருந்த கொடியைப் பார்த்து அவர் நிற்கவில்லை. இடப்பக்கம் ஒரு பலாமரம் இருந்தது; அதைப் பார்த்து நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அடித்தார். பந்து பலாமரத்தை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் வளைந்து, கொடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. மேனேஜர் கைதட்டினார். என் யோசனை! நான் துள்ளிக் குதித்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"சூப்பர்ணே" என்றார் மேனேஜர். "ஆனா ஏன் அந்தப் பக்கம் பாத்து நின்னீங்க? வர்றவங்களுக்கு நேரா நின்னு காட்டணும் இல்லயா? நேரா ஒண்ணு அடிங்கண்ணே."

அப்பா நேராக நின்றார். வெகுநேரம் நின்றார். அடித்த பந்து வளையக்கூட இல்லை. கிளம்பும்போதே வலப்பக்கம் தெறித்துக் கடுக்காய் மரங்களுக்குள் போனது. மட்டையும் இடது கையிலிருந்து நழுவிப் பாதி சுழன்று புல்லில் விழுந்தது. மேனேஜர் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "பாத்துட்டு சொல்றோம்ணே" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. முன் சீட்டில் நான் மட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பின்னால் அவர்கள். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டுகள் அப்பாவின் விரலிடுக்கிலிருந்து நழுவி விழுந்தன. அவருக்கு அது தெரியவே இல்லை. அம்மா குனிந்து எடுத்தாள். பிறகு அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். நாலு பேர் இருக்கும் பஸ்ஸில் இவர்கள் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எத்தினி நாளா இப்டி?" அம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"பெங்களூர்லயே."

"அதான் அனுப்பிச்சிட்டாங்களா?"

அப்பா மடங்கிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கைக்கு வந்திருந்ததற்கு நரம்பு, வியாதி என்றெல்லாம் பெயர் உண்டென்று அடுத்த வருடம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு, அம்மா பந்தைப் பற்றிக் கேட்கிறாள் என்றே நினைத்தேன். அப்பாவை விட்டுக்கொடுக்க மனசு வராமல் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, "எப்பவும் இல்லம்மா, நடுவுல ஒண்ணு ரெண்டு நேராவும் போச்சு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்து, "ஆமா" என்றாள். அவர் கையை விடவில்லை.