ஃபெபி ‘போட்டாச்சு’ என்று சொல்லவில்லை

ஓக்லா பக்கம் யமுனையில் பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் டெல்லிக்காரர்களே நம்பமாட்டார்கள். மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஃபெபி அவர்களில் ஒருத்தி. நாகர்கோவில்காரி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் லீவை மூன்று வருஷமாக அந்த நுரைத் தண்ணீருக்கே கொடுத்திருக்கிறாள், அதுவும் கௌதமன் என்கிற பெரிய அதிகாரியின் படகில்.

இருவர் படகு அது. கௌதமன் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பார். முன்வேலை முழுக்க ஃபெபிக்கு. காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது ஸ்பின்னக்கர் என்ற பெரிய பாயை விரிப்பார்கள். பலூன் மாதிரி உப்பும். அதன் ஒரு மூலையை வெளியே தள்ளிப் பிடிக்க ஒரு கம்பு வேண்டும். ஒரு முனையைப் பாயின் கயிற்றில் மாட்டி, வெளியே தள்ளி, மறுமுனையைப் பாய்மரத்து வளையத்தில் மாட்ட வேண்டும். இரண்டு கையும் அதற்கே போய்விடும். ஆடுகிற படகில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அதனால்தான் முன்னால் நிற்பவர் ‘போட்டாச்சு’ என்று குரல் கொடுக்கும்வரை பின்னால் இருப்பவர் படகை நேராக வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு அது ஒன்றுதான் வேலை. அதைக்கூடச் செய்யாத மனுஷனை என்ன சொல்வது?

போன ஞாயிறு போட்டியில் இவர்கள் படகுதான் முதலில் வந்துகொண்டிருந்தது. கௌதமனுக்கோ கரையில் யார் யார் பார்க்கிறார்கள் என்ற கவலை. ஃபெபி கம்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சுக்கானைத் திருப்பிவிட்டார். கம்பு தெறித்து அவள் புருவத்தைப் பிளந்தது. பாய் தண்ணீரில் விழுந்தது. கடைசியாகத்தான் கரை சேர்ந்தார்கள்.

ரத்தத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு நிற்பவளிடம் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கௌதமன் டீயை உறிஞ்சியபடியே, சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: “லேடீஸ் கை, பிடி பத்தலை. அடுத்த வாரம் பெரிய போட்டிக்குக் கார்த்தியைக் கூட்டிக்கிறேன்.”

கார்த்தி பேங்கில் வேலை பார்க்கிற வாட்டசாட்டமான ஆள்; அந்தக் கூட்டத்தில்தான் டீ கிளாஸோடு நின்றிருந்தான். “அச்சா, அச்சா” என்று கூட்டம் தலையாட்டியது. மூன்று வருஷ உழைப்பு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போயிற்று. ஃபெபி கௌதமனுக்கு நேரே போய் நின்றாள்.

“சார், கம்புதான் என் கையில. படகு உங்க கையிலல்லா இருந்துச்சு? நான் போட்டாச்சுன்னு சொன்னேனா? பொறவு ஏன் திருப்புனீங்க?”

“சிஸ்டர், டென்ஷன் ஆகாதீங்க.”

“புருவம் பொளந்தது எனக்கு. டென்ஷன் ஆவக் கூடாதாக்கும்?” கிளப் செயலாளர் வெங்கடராமன் பக்கம் திரும்பினாள். “கிளப் படகு ஒண்ணு சும்மா கெடக்குல்லா சார்? அடுத்த வாரம் அத நான் ஓட்டுதேன். சுக்கான் எனக்கு.”

கௌதமன் சிரித்தார். “முன்னால நின்னு கம்பு போட யார் வருவா?”

நடந்தது என்னவென்று தெரிந்தவர்களும் டீ கிளாஸுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்கள். வெட்கங்கெட்டவர்கள்!

கார்த்தி கிளாஸைக் கீழே வைத்தான்.

“நான் சிஸ்டரோட போறேன் சார்.”

“உன்னை என் படகுக்குத்தானே கூப்பிட்டேன்?”

“கரையில நின்னு எல்லாத்தையும் பார்த்துட்டுதானே இருந்தேன்? எனக்கும் புருவம் இருக்கு சார்.”