குளிர் வேண்டாத ரீஃபர்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நான் ஆவணப் பிரிவில் இருந்தபோது, லாரிகள் வெளியேறும் கேட்டுக்கான மென்பொருளை எழுதியவள் தண்டையார்பேட்டை மலிகா.

அவள் ஏற்பாடு எளியது. ‘பெட்டி’ என்று ஒரு தாய் வகுப்பு (கிளாஸ்), எல்லாப் பெட்டிக்கும் பொதுவான அச்சு. அதில் ‘அனுப்பு’ என்று ஒரு செயல்: பெட்டிக் கதவின் முத்திரையான சீலைப் பார், கேட்டைத் திற. அதன் பிள்ளை ‘ரீஃபர்’, அதாவது குளிர்பெட்டி. அது ‘அனுப்பு’ என்ற அதே பெயரில் தாயின் செயலை மாற்றி எழுதிக்கொண்டது: முதலில் லாரியின் ஜெனரேட்டரில் இணை, குளிரைச் சரிபார், பிறகு திற. கேட்டில் ஒரே பொத்தான்தான். எந்த வகைப் பெட்டி நிற்கிறதோ அதன் செயல் ஓடும்.

காலியாகத் திரும்ப வேண்டிய சில ரீஃபர்களில் டயர் ஏற்றி வரும், அதற்குக் குளிர் வேண்டாம். ஆனால் ஜெனரேட்டர் இணைக்காமல் கேட் திறக்காது. லாரி வரிசை எர்ணாவூர்வரை நீளும். அதனால் கேட் கிளார்க் ஜஹாங்கீர் அவற்றைச் சாதாரணப் பெட்டி என்றே பதிந்து அனுப்பிவிடுவார். ஒருநாள் அதே பழக்கத்தில் இறால் ஏற்றிய ரீஃபரையும் அப்படிப் பதிந்துவிட்டார். குளிரூட்டாமலே அது வெளியே போனது. துறைமுக வாசலில் டிரைவர் கவனித்துத் திருப்பிக்கொண்டு வந்ததால் இறால் தப்பியது.

முதலாளி மலிகாவிடம் சொன்னார்: “உன் மென்பொருள் சரின்னா, ஜஹாங்கீர் நாளைக்கு வர வேணாம். நீயே பார்த்துச் சொல்லு.”

மென்பொருள் எழுதியபடிதான் ஓடியிருந்தது; தவறு பதிவில்தான். மலிகா கேட்டுக்குப் போனாள்.

“இன்னா பாய், எறாலைப் போயி டயர் கணக்குல அனுப்பிக்கீறீங்க?”

“கைப்பழக்கம்மா. உன் மெசினு டயருக்கும் ஐஸு கேக்குது. லாரிக்காரன் திட்டும்போது என் அம்மாவைத்தான் இழுக்குறான், உன் அம்மாவை இல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து ‘குளிர் வேண்டாத ரீஃபர்’ என்று ரீஃபருக்கே ஒரு பிள்ளை வகுப்பு எழுதினாள். அதன் ‘அனுப்பு’, என்ன சரக்கு என்று கேட்டு உறுதிசெய்து, சீலைப் பார்த்துத் திறக்கும். பொத்தானையோ பழைய செயல்களையோ தொடவில்லை. ரீஃபரின் எண்ணைச் சாதாரணப் பெட்டியாகப் பதிய முடியாதபடியும் செய்தாள்.

முதலாளியிடம் போய், “தப்பு என்னுது சார். தெனமும் வர்ற பெட்டி அது. நான் அதுக்கு எடமே வெக்கல” என்றாள்.

“அப்போ உன்னை அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க சார். புதுசா வர்றவரும் பாய்கிட்டதான் கேட்டுக் கத்துக்கணும்.”

அவர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். “போங்க, ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க.”

மறுநாள் டயர் ஏற்றிய ரீஃபர் வந்தபோது மலிகா ஜஹாங்கீர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் புதிய வகையைத் தேர்ந்து பொத்தானை அமுக்கினார். கேட் திறந்தது.

“இன்னாம்மா, என் மேல நம்பிக்கை இல்லியா?”

“உங்க மேல கீது பாய். நான் எழுதினதைத்தான் பாக்க வந்தேன்.”