காற்றில் இறங்கிய எண்

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நான் பாதுகாப்பு அதிகாரி. வெட்டவெளியில் கம்பி கட்டி ஈரத்துணி காயப்போடும் களத்தில் வெப்பத்தை அளப்பதும் என் வேலை. கம்பெனி கொடுத்தது, வெயிலின் சூட்டை வாங்கிக் காட்டும் சிறிய கறுப்புக் குண்டு வைத்த கைமீட்டர். அளவு எல்லையைத் தாண்டினால் ஆட்களை நிழலில் உட்கார வைக்க வேண்டும்.

ஆட்கள் வாடும் நாளிலும் எல்லைக்குள்ளேயே காட்டியதால் கைமீட்டர்மேல் சந்தேகம் வந்து, கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியிடம் பெரிய குண்டு வைத்த ஸ்டாண்டு மீட்டரை இரவல் வாங்கினேன். களத்தில் இரண்டையும் அருகருகே வைத்தேன். அன்று அனல்காற்று. ஒவ்வொரு வீச்சுக்கும் சின்னக் குண்டு சட்டென்று குளிர்ந்து, எண் எல்லைக்குக் கீழே இறங்கியது. பெரியது அசையவில்லை, எல்லைக்கு மேலேயே நின்றது.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏனுங்க மேடம், நம்ம மீட்டர் சரியாத்தானே காட்டுதுங்க? இரவல் மீட்டர நம்பி லைனை நிறுத்த முடியுங்களா?"

மீட்டர் விற்றவருக்குப் போன் செய்தேன். "குண்டு சைஸ் வேறங்க மேடம். காத்தடிச்சா அப்படித்தான். ரெண்டுமே ரிப்பேர் இல்லீங்க" என்றார். எதை நம்புவது என்று அவர் சொல்லவில்லை. மேனேஜர் வேலையை நிறுத்தவில்லை.

துணி விரித்துக்கொண்டிருந்த ராமநாதபுரத்துப் பெண் எங்களையே பார்த்தாள். "என்னக்கா சொல்லுது மிசினு?"

"கொஞ்ச நேரம் நிழல்ல உக்காரு. தண்ணி குடி."

"காத்துதான் நல்லா அடிக்குதேக்கா. வேர்க்கவே இல்ல" என்றாள். வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நிழலில் உட்கார்ந்தவள், மேனேஜர் பார்த்ததும் வேலைக்கு எழுந்து போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பியைப் பிடித்தபடியே சரிந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. என்னென்னவோ உளறினாள். ஈரத்துணியை உருவி அவள்மேல் போர்த்தித் தண்ணீர் ஊற்றினேன். மேனேஜரே ஓடிவந்து தூக்கி வேனில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது, "ஆர்டர் நிக்குதுங்க மேடம், நான் என்ன பண்றதுங்க?" என்றார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். வெயிலில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்ல, புருஷன் ஊருக்கு அழைத்துப் போனான். பெரிய மீட்டர் வாங்கக் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். இரவல் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நின்ற இடத்துக்கு வேறொருத்தி வந்தாள்.

போன வாரம் அவள் போன் செய்தாள்.

"எக்கா, திரும்ப வந்தா வேல குடுப்பாகளா?"

"வெயில்லயா?"

"வேற எங்கக்கா இருக்கு?"

உள்ளே உட்கார்ந்து துணி சரிபார்க்கும் செக்கிங்கில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அங்கே ஆள் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.