மூன்று மெஷின்களை இழுத்த சின்னக் கார்

என் அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் ஐந்து வருஷம் பேச்சு இல்லாமல் போனதற்குக் காரணம் என் இரண்டு காதுகள்தான். எனக்கு நான்கு வயதில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமா குன்னத்தூரிலிருந்து தன் காரில் கிளம்பியவர், வழியில் இரண்டு முறை டயர் பஞ்சராகி, நல்ல நேரம் முடிந்து அரைமணி கழித்து வந்து சேர்ந்தார். அதற்குள் அப்பா பொறுமையிழந்து, அம்மாவின் பெரியப்பா மகன் மடியில் என்னை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். சீர்த்தட்டும் பட்டுப்பாவாடையுமாகப் புழுதியோடு வந்து நின்ற மாமாவைப் பார்த்து, பந்தியே கேட்கும்படி, "தீப்பெட்டிக்குச் சக்கரம் கட்டிக்கிட்டு வந்தா இப்படித்தான் ஆகும்" என்றும் சொல்லிவிட்டார்.

மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவும் நானும் பொங்கலுக்கும் ஆடிக்கும் குன்னத்தூர் போவோம், அப்பா வரமாட்டார். மடியில் உட்காரவைக்காமல் விட்ட அவமானத்தைக்கூட மாமா மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். காரைச் சொன்னதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. யார் அந்தப் பேச்சை எடுத்தாலும், "போனது டயருங்க. இன்ஜின் இல்லீங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஊரில் அதைப் பேபி கார் என்பார்கள். குன்னூரில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. இரண்டு பேர் முன்னால் உட்காரலாம்; பின்னால் இரண்டு பேர் முழங்காலை முகவாயில் இடித்துக்கொண்டு உட்காரலாம். பெரிய காரில் போகிறவர்கள் ரோட்டில் இதை முந்தும்போது சிரித்துக்கொண்டே போவார்கள். மாமா அதையெல்லாம் பொருட்படுத்த மாட்டார். பானெட்டைத் திறந்து, என்னைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே எங்கள் வீட்டுச் சோற்றுக் குண்டாவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு இரும்புக் கட்டி இருக்கும். "பாரு கண்ணு, இத்தினியூண்டுதான். ஆனா ஒரு நாளைக்கும் மூச்சு வாங்குனதில்ல" என்பார். எனக்கு அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் அவர் முகம் மலர்ந்திருப்பதைப் பார்த்து, "ஆமாங்க மாமா" என்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் எங்கள் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் அப்பா மூன்று நிட்டிங் மெஷின் போட்டிருந்தார். நூல் மேலே போய்ப் பனியன் துணி கீழே குழாயாக இறங்கும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மோட்டார். மோட்டார் ஒரு நீளமான இரும்புத் தண்டைச் சுற்றும். அந்தத் தண்டிலிருந்து மூன்று பெல்ட்டுகள் மூன்று மெஷினுக்கும் போகும். அப்பாவும் இரண்டு வேலையாட்களும்தான் கம்பெனி. அந்த வருஷம் கல்கத்தா வியாபாரி ஒருவர் முதல் தடவையாக அப்பாவை நம்பி ஒரு பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலை துணி முழுவதும் சலவைப் பட்டறைக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்; அப்பா மறுபடியும் அடுத்தவர் கம்பெனிக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். அப்பா வாய்விட்டு இதைச் சொல்லவில்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பெரிய சத்தத்தோடு புகைந்து நின்றது. எங்கள் தெருவில் இருந்த அத்தனை மெஷினும் ஒரே மூச்சில் அடங்கின. வேறு டிரான்ஸ்பார்மர் வர ஒரு வாரம் ஆனாலும் ஆகும் என்றார்கள்.

அப்பா சளைக்கவில்லை. அந்தக் காலத்து மெஷின்களைக் கையாலும் சுற்றலாம். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் இருக்கும். திங்கள் மாலையும் செவ்வாய் முழுவதும் அப்பாவும் வேலையாட்களும் முறை வைத்துச் சுற்றினார்கள். ஒரு மெஷின் ஓடினால் மற்ற இரண்டும் நின்றன. கையால் சுற்றும்போது வேகம் கூடும், குறையும். துணியில் கோடு கோடாக விழுந்தது. அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு மூலையில் போட்டார். செவ்வாய் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அம்மா தட்டை வாங்கித் தானே பிசைந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெருமாநல்லூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. குன்னத்தூரில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தோம். மாமா வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, போன வருசம் கெணத்து மோட்டார் எரிஞ்சப்ப, கார் சக்கரத்துல பெல்ட்ட மாட்டித் தண்ணி எறைச்சேன்னு சொன்னியே. அதுல பனியன் மெஷின் ஓடுமா?"

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஓடுமுங்க அக்கா. ஆனா அந்த ஊட்டுக்குள்ள நான் எப்படி வர்றது?"

"ஊட்டுக்குள்ள வர வேண்டாம். கொட்டகைக்கு வந்தாப் போதும்."

மாமா கை கால் கழுவிக்கொண்டு வந்தார்.

மத்தியானத்துக்குள் கார் எங்கள் கொட்டகை வாசலில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு அம்மா இறங்குவதை அப்பா பார்த்தார். வேலையாட்கள் சக்கரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். அப்பா மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கண்ணு, காரு இங்க எதுக்கு வந்திருக்குதுன்னு கேளு."

மாமா பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். ஆனாலும் நான் திரும்பிக் கேட்டேன். அவரும் என்னிடமே பதில் சொன்னார். "மெஷின் ஓட்ட வந்திருக்குதுன்னு சொல்லு சாமி."

"அது தன்னைய இழுத்துக்கிட்டு வர்றதே பெருசுன்னு சொல்லு."

இதை மாமாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா குறுக்கே வந்தாள். "உங்க கைய விரிச்சுக் காட்டுங்க பாக்கலாம். இந்தக் கையில இன்னும் மூணு நாளைக்குச் சுத்துவீங்களா?"

அப்பா கையை விரிக்கவில்லை. வாசலை விட்டு விலகி நின்றார். அது சம்மதம்தான் என்று மாமா எடுத்துக்கொண்டார்.

காரைப் பின்பக்கமாகத் திருப்பி, கொட்டகைக் கதவுக்கு நேராக நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைக் கழற்றினார். வெறும் இரும்பு வளையத்தில் நீளமான பெல்ட்டை மாட்டி, மறுமுனையைக் கொட்டகைக்குள் இருந்த தண்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஜினைக் கிளப்பி, கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட்டார். பெல்ட் ஒரு முறை உதறியது. தண்டு சுற்ற ஆரம்பித்தது.

அப்பா முதலில் ஒரு மெஷினை மட்டும் இணைத்தார். ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டாவதையும் இணைத்தார். ஓடியது. மூன்றாவதை இணைத்தபோது இன்ஜின் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. எல்லோரும் அப்படியே நின்றோம். மாமா டேஷ்போர்டில் இருந்த ஒரு குமிழை மயிரிழை அளவு இழுத்தார். சத்தம் சமமாகியது. மூன்று மெஷினும் சேர்ந்து ஓடின.

அந்தக் குமிழ்தான் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் போகாமல் டிரைவர் சீட்டில் நாள் முழுவதும் உட்காரக் கிடைத்த பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். வேகம் கூடினால் மெஷினில் ஊசி உடையும். குறைந்தால் துணியில் கோடு விழும். கொட்டகைக்குள்ளிருந்து அப்பா, "கொஞ்சம் கொறைக்கலாமான்னு கேளு கண்ணு" என்பார். பானெட்டுக்குப் பக்கத்திலிருந்து மாமா, "இதுக்கு மேல கொறைச்சா நின்னுக்கும்னு சொல்லு கண்ணு" என்பார். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் ஒவ்வொரு வார்த்தையையும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

கார் நின்ற இடத்தில் ஓடியதால் காற்றுப் படாமல் ரேடியேட்டர் கொதித்தது. அம்மா ஈரச்சாக்கை அதன் முன்னால் தொங்கவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் மங்கும்வரை ஓடிற்று. அன்று இறங்கிய துணியை அப்பா வாசல் வெளிச்சத்தில் விரித்து, மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. மோட்டாரில்கூட இவ்வளவு சீராக வந்ததில்லை என்று வேலையாள் ஒருவர் சொன்னார். அப்பா மறுக்கவில்லை. மாமா காரிலேயே படுத்துக்கொண்டார். அம்மா சோற்றைக் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பெல்ட் தண்டிலிருந்து நழுவிச் சாட்டைபோல் வீசியது. மாமா பின்சக்கரத்துப் பக்கத்தில் குனிந்து ஜாக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தூது அனுப்ப அப்பாவுக்கு நேரம் இல்லை.

"மாப்பிள்ளை! தள்ளுங்க!"

மாமா துள்ளி ஒதுங்கினார். அவர் தலை இருந்த இடத்தில் பெல்ட் காரின் தகரத்தில் அறைந்து விழுந்தது. நான் குமிழை உள்ளே தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தேன். அப்பா ஓடிவந்து மாமாவின் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க மச்சான். ஒண்ணும் ஆகலீங்க."

பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தவர்கள்போல விலகினார்கள். பெல்ட்டை இருவருமாகச் சேர்ந்து மாட்டினார்கள். எனக்குத் தூது வேலை குறைந்துபோனது. அன்று மாலை அம்மா வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மோர் எடுக்க வீட்டுக்குள் போனவள், சமையலறை பல்ப் எரிவதைப் பார்த்தேன். தெருவில் வரிசையாக ஒவ்வொரு கம்பெனியிலும் மெஷின் ஓடும் சத்தம் எழுந்தது. "கரண்ட் வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வாசலில் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே போய்ப் பல்பை அணைத்தாள்.

"கம்முனு மோரக் கொண்டுபோய்க் குடு" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொட்டகைக்குப் போனேன். அப்பா இன்ஜின் பக்கத்தில் நின்றிருந்தார். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த ஊசி தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அடுத்த கொட்டகையில் மோட்டார் ஓடுவது அவருக்குக் கேட்காமல் இருக்காது. ஆனால் மாமாவிடம், "இதுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா ஆயில் மாத்தோணும் மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா சொல்ல ஆரம்பித்தார். எந்த ஆயில், பிளக்கை எப்படித் துடைப்பது, மழைக்காலத்தில் எப்படிக் கிளப்புவது, எல்லாவற்றையும் சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஓ, அப்படீங்களா" என்றார். நான் பொறுக்க முடியாமல் அப்பாவின் வேட்டியை இழுத்து, "அப்பா, கரண்ட் வந்திருச்சுங்க" என்றேன்.

"வரட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, மாமாவிடம் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

மோட்டார் சும்மா கிடக்க, சாயங்காலம்வரை பெட்ரோலிலேயே மூன்று மெஷினும் ஓடின. கடைசித் துணி இறங்கியதும் மாமா இன்ஜினை நிறுத்தினார். அப்பா சூடான பானெட்டில், உழுதுவிட்டு வந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல மெல்லத் தட்டினார். "நல்ல இன்ஜினுங்க மாப்பிள்ளை" என்றார். மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு ஜாக்கியை இறக்கினார். துணி மறுநாள் காலை பட்டறைக்குப் போனது. கல்கத்தாவிலிருந்து ஆர்டர் தொடர்ந்து வந்தது. அந்தக் கம்பெனி வருமானத்தில்தான் நான் படித்தேன், எனக்குக் கல்யாணம் ஆயிற்று. இன்றைக்கும் எங்காவது ஒரு சின்ன வண்டி மேட்டில் முனகாமல் ஏறினால், மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

அன்றைக்கு ஒன்பது வயதில் எனக்கு அவ்வளவு தெரியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கரண்ட் வந்த பிறகும் மோட்டாரைப் போடத் தெரியாமல் ஒரு நாள் பெட்ரோலைக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள் என்று சிநேகிதிகளிடம் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.