என் தாடைக்கு வந்த ரத்தம்

கீழ்த்தாடை வலப்பக்கம் வீங்கியபோது வலி எதுவும் இல்லை. வலிக்காததை யார் மதிப்பார்கள்? உப்பு ஒத்தடம் கொடுத்துவிட்டு மிளகு பறிக்கப் போய்விட்டேன். "கெழங்கை வாய்க்குள்ள அடக்கி வெச்சிருக்கியா புள்ள?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன்.

பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் மலையிறங்கிப் பல் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில், எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை. நீர்க்கட்டியாக இருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம் என்று சொல்லி, சதையைச் சோதனைக்கு அனுப்பினார். நீர்க்கட்டி இல்லை, பல் உருவாகும் திசுவிலிருந்து கிளம்பிய கட்டி என்று தெரிந்தது. புற்றுநோய் அல்ல, ஆனாலும் விட்டால் தாடையை அரித்துவிடும், அந்த எலும்பையே வெட்ட வேண்டும் என்றார்.

"இது எப்படிங்க இத்தனை வளந்துச்சு?"

"ஒரு பொருளைச் சுரக்குதும்மா. அது பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் வளர வைக்கும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தவர் முறைத் தண்ணீரை மடை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புகிறவர்களோடு நான் போட்ட சண்டைகள் எங்கள் மலையில் அரியூர் நாட்டு ஊர்கள் முழுக்கத் தெரியும். இந்தத் திருடன் என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறான்.

"வெட்டி எறிஞ்சிடுங்க" என்றேன்.

வெட்டினார்கள். தகடு பொருத்தி, இடுப்பெலும்பில் ஒரு துண்டெடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள்.

"இதுக்குள்ள ரத்தக்குழாய் வளர்ந்தாத்தான் எலும்பு பிடிக்கும். இல்லன்னா வீணாயிடும்" என்றார் டாக்டர்.

"எதுங்க அதை வளர வைக்கும்?"

"அதே பொருள்தாம்மா. காயம்பட்ட இடத்துல உடம்பு தானாவே சுரக்கும்."

பிறகு மாதக்கணக்கில் கஞ்சிதான். வாயைத் திறந்து யாரையும் திட்ட முடியவில்லை. வீட்டுக்காரருக்கு அதுவே பயமாகிவிட்டது. தனியாக இருக்கும்போது தாடையில் கை வைத்து, "வா கண்ணு, வா" என்பேன். திட்டித் தீர்த்ததையே கூப்பிடுகிறோமே என்று வெட்கமாக இருக்கும். அந்தப் பொருளுக்கு நல்லது கெட்டது தெரியாது போலிருக்கிறது. சுரந்த இடத்தில் வளர்த்துவிடுகிறது.

பல் பொருத்த அந்த எலும்பில் துளை போட்ட அன்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். எலும்பு பிடிக்கவில்லையோ என்று பயந்துபோனேன். பஞ்சை எடுத்துக் காட்டினார். சிவப்பாக இருந்தது.

"எலும்புலேர்ந்து ரத்தம் வருதும்மா" என்றார் சிரித்துக்கொண்டே.

வீட்டுக்காரர் பதறி எழுந்தார். மரத்துப்போன வாயோடு, உட்காரும்படி அவருக்குக் கையைக் காட்டிவிட்டு அழுதேன்.